கன்னி மூலையில் விழும் நிழல்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் சாக்பீஸோடு எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் ஒரு கோடு போட்டேன். மணிக்கொரு தடவை ஏறிப்போய் மறுபடி ஒரு கோடு. காலையில் நிழல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே விழுந்துகொண்டிருந்தது. உச்சி வேளைக்குப் பிறகு மெல்ல மாடிக்குள் புகுந்தது. மூன்று மணிக்கு அது மாடியின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குத் தரையில் பனையோலை விசிறியை விரித்து வைத்தாற்போல ஒரு படம் கிடந்தது.

அந்தப் படம்தான் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஆறு மாதமாகத் தீராத கேள்விக்குப் பதில் சொன்னது. ஒன்பது வீடுகள், ஸ்டில்ட்டுக்கு மேல் மூன்று தளங்கள், ஒரு லிஃப்ட். மொட்டைமாடியின் மொத்தப் பரப்பு 2,700 சதுர அடி. நடக்க வழி விட்டு ஒரு கிலோவாட் சோலாருக்கு 100 சதுர அடி வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது. அப்படியானால் 20 கிலோவாட்டாவது போடலாமே என்று ஆரம்பித்தோம். படிக்கட்டு அறை, லிஃப்ட் அறை, தொட்டி, டிஷ் ஆன்டெனாக்கள், துணிக்கொடி எல்லாம் போக 1,300 சதுர அடி மிஞ்சியது. சாக்பீஸ் கோடுகளையும் கழித்தபோது 600 சதுர அடிகூடத் தேறவில்லை. ஐந்து கிலோவாட். அவ்வளவுதான்.

எங்களிடம் வெயிலுக்கோ பணத்துக்கோ குறைவில்லை. கட்டடம் வரையப்பட்ட நாளில் மாடியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, அதுதான் குறை. இன்று சென்னையில் ஆயிரக்கணக்கான பழைய அடுக்குமாடிகள் இடிபட்டுப் புதிதாக எழும் வேளை இது. இப்போது வரையப்படும் கட்டடங்கள் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். மாடியை முதலில் வரையுங்கள் என்று இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சூரியன் எங்கே நிற்கிறது?

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் கம்பு நட்டு ‘நிழலில்லா நாள்’ என்று பார்ப்பது அதைத்தான். இந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் 21 அன்று தெற்கில் 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும்.

படிக்கட்டு அறையும் அதன் தலைமேல் தொட்டியுமாக 15 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடக்கே 11 அடி நீளும். பிற்பகல் 3 மணிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 23 அடி. அதே தொட்டி ஜூன் மாத நண்பகலில் தெற்கே மூன்று அடிகூட நிழல் தராது. ஆக, நம்மூர்க் கட்டடத்தில் உயரமானவை எல்லாம் வடக்கு ஓரத்தில் இருந்தால் மாடி முழுக்க வெயிலுக்குத் திறந்திருக்கும். தெற்கில் இருந்தால், வானம் தெளிந்த குளிர்கால வெயிலை அவையே தடுத்துவிடும்.

ஆனால் நம் ஊரில் மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது? தென்மேற்கில். கன்னி மூலையில் கனமும் உயரமும் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரு வீடு வாங்குகிறவருக்கு மனநிறைவும் கட்டடத்தின் ஒரு பகுதிதான். அதே சமயம், சோலார் போட நினைத்தால் தொட்டிக்கு இதைவிடப் பாதகமான மூலை இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசவேண்டிய நேரம் வரைபடம் போடும் நேரம். கான்கிரீட் இறுகிய பிறகு பேச ஒன்றுமில்லை.

கொஞ்சம் நிழல்தானே, அந்த ஒரு பேனல் மட்டும் குறைவாகத் தரட்டுமே என்று எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். விஷயம் அப்படி இல்லை. பேனல்களைப் பூத்தொடுப்பது போலச் சரமாகத் தொடுக்கிறார்கள். ஒன்றின் வழியாக ஓடும் மின்னோட்டம்தான் அடுத்ததிலும் ஓடும். தோட்டத்து ஹோஸ் பைப்பை ஓர் இடத்தில் மிதித்தால் முனை வரைக்கும் தண்ணீர் குறைவது போல, ஒரு பேனல்மேல் விழும் நிழல் சரம் முழுவதையும் இழுத்துக் கீழே கொண்டுவரும். நிழல்பட்ட பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடப் பேனலுக்குள்ளேயே பைபாஸ் டயோடுகள் உண்டு. பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கும் வழியும் உண்டு. அவை நஷ்டத்தைக் குறைக்கும், செலவைக் கூட்டும். தொட்டியைப் பத்தடி தள்ளி வரைந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

யாருடைய மாடி?

எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் நியாயம் இருந்தது.

மூன்றாம் தளத்து மாமி கேட்டார்: “பேனல் போட ஓட்டை போடுவேளே, மழைக்கு ஒழுகினா எங்காத்துலதானே ஒழுகும்?” முதல் தளத்து ஐயா கேட்டார்: “எனக்கு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம். அதுக்கு மேல எரியறதே கொஞ்சம்தான். சோலாரால எனக்கு என்னங்க மிச்சம்?” இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டுப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

முதல் தளத்து ஐயாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறும். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குச் சோலாரால் மிச்சமாவது சொற்பம். ஆனால் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவை ஓடும் பொது இணைப்பு அப்படி இல்லை. அதற்கு இலவசம் இல்லை. 2022 செப்டம்பரில் அதற்கென்று யூனிட்டுக்கு 8 ரூபாய் நிர்ணயித்தார்கள். பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 நவம்பரிலிருந்து அது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. எங்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, ஆகவே அந்தச் சலுகை இல்லை. முழங்கால் வலியோடு இருக்கும் மூன்று பெரியவர்களுக்காக வைத்த லிஃப்ட் அது.

ஆக, அடுக்குமாடிக்குச் சோலார் என்றால் முதலில் பொது இணைப்புக்கு என்றே யோசிப்பதுதான் சரி. எங்கள் கணக்கு இது. ஐந்து கிலோவாட், நம்மூர் வெயிலில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட், ஆக வருடத்துக்கு 7,300 யூனிட். எங்கள் பொது இணைப்பின் வருடச் செலவும் கிட்டத்தட்ட அதுதான். அமைக்க 3 லட்சம் ரூபாய் என்றார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். எங்களுக்கு 90,000. மீதி 2,10,000 ரூபாயை ஒன்பது வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 23,000 சொச்சம். ஈ.பி.யின் நெட்வொர்க் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தாலும் நாலைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பேனலின் ஆயுள் 25 வருடம். மாதப் பராமரிப்புத் தொகை எல்லோருக்கும் குறையும், வாடகைக்கு இருக்கும் தம்பிக்கும். முதல் தளத்து ஐயா அதன்பின் மறுப்புச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு மூன்று தளத்துக்குப் பொருந்தும். பதினைந்து மாடிக் கட்டடத்துக்குப் பொருந்தாது. ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றுக்கு மூன்று தளக் கட்டடத்தில் மாடிப் பங்கு 333 சதுர அடி. பாதி பயன்பட்டாலும் ஒன்றரை கிலோவாட் வைக்கலாம். பதினைந்து தளத்தில் பங்கு 67 சதுர அடியாகச் சுருங்கிவிடும். பாதி பயன்பட்டால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட், ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குத்தான் போதும். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழும் கோபுரங்களின் விளம்பரத்தில் சோலார் என்ற சொல்லைப் பார்க்கிறவர்கள் எத்தனை கிலோவாட், எத்தனை வீடுகளுக்கு என்று கேட்டே ஆகவேண்டும். உயர்ந்த கட்டடத்தில் மாடி மட்டும் போதாது. கார் நிறுத்தும் இடத்தின் கூரை, கிளப் ஹவுஸ் கூரை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கூரை எல்லாவற்றையும் முதல் நாளே சேர்த்து வரைந்தால்தான் பொதுச் செலவையாவது ஈடுகட்ட முடியும்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். இதுதான் என் மனதைக் குடைந்தது, ஏனென்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நம் மொட்டைமாடி வெறும் கான்கிரீட் பலகை இல்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டம் பார்த்துப் போட்ட ஒரு படுகை. அதற்கு மேல் தட்டோடு. கொத்தனார்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்பார்கள். தண்ணீரை வழியவிடுவதும் வெயிலைத் தாங்குவதும் அந்த நாலங்குலம்தான். அதில் டிரில் வைத்து ஆங்கர் போல்ட் அடித்தால் அந்த வருட மழை தாங்கலாம், அடுத்த வருடம் உறுதியில்லை. ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டைகளை வெறுமனே மேலே வைத்து நிறுத்தலாம் என்பார்கள். காற்றைக் கணக்கில் எடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தின் மரங்களை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 875 சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். சாய்த்து வைத்த ஏழரை அடி நீளப் பேனல் அந்தக் காற்றில் விமான இறக்கை மாதிரி மேலே தூக்கும்.

இதற்குச் சரியான வழி ஒன்று உண்டு, அது மலிவும்கூட. மாடித்தளத்துக்குக் கான்கிரீட் போடும்போதே, கீழே உத்தரமும் தூணும் வரும் இடமாகப் பார்த்து, ஓரடி உயரக் குட்டைத் தூண்களை எழுப்பிவிடுவது. பெடஸ்டல் என்பார்கள். கம்பி தளத்தின் கம்பியோடு கட்டப்பட்டிருக்கும். தட்டோடு அந்தத் தூண்களைச் சுற்றிப் பதியும். சோலார் இன்றைக்குப் போட்டாலும் பத்து வருடம் கழித்துப் போட்டாலும் போல்ட் போக வேண்டிய இடம் காத்திருக்கும், ஒழுகும் பேச்சுக்கே இடமில்லை. நாலைந்து மூட்டை சிமெண்டும் கொஞ்சம் கம்பியும் ஆகும் வேலை இது. எங்கள் கட்டடத்தில் யாரும் செய்யவில்லை.

மாமிக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. சென்னையில் மேல்தளத்து வீட்டில் மே மாதம் படுத்துறங்கியவர்களுக்குத் தெரியும், இரவு பதினொரு மணிக்கும் கூரை அனல் கக்கும். பேனல்கள் அந்தக் கூரைக்குக் குடை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், பேனலுக்குக் கீழிருந்த உட்கூரை பகலில் கிட்டத்தட்ட 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது. ஆனால் பேனலைத் தரையோடு ஒட்டிப் பதித்தால் இந்தப் பலன் குறையும், மின்சாரமும் குறையும். 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை சரிகிறது. மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். அடியில் காற்றோட வழி வேண்டும்.

அதனால்தான் ஒன்பதடி உயரச் சட்டம் போட்டு அதன்மேல் பேனல் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். இரும்பும் அஸ்திவாரமும் கூடுதலாகும், காற்றுக்குக் கணக்கும் கறாராகப் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் நிழல் அதை எட்டாது. அதைவிட முக்கியம், மாடி மாடியாகவே இருக்கும். வடாம் பிழிய ஓரத்து வெயிலும், துணி உலர்த்தக் கொடியும், பௌர்ணமி இரவில் பிள்ளைகளுக்குக் கையில் உருட்டிப் போடும் சோறும் நம் மொட்டைமாடியின் உரிமைகள். அவற்றைப் பறித்துக்கொண்டு வரும் சோலாரைச் சங்கங்கள் எதிர்ப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

படத்தில் பார்ப்பது வேறு

கட்டடத்தோடு இணைந்த சோலார் என்றதும் பத்திரிகைகளில் வரும் ஐரோப்பியப் படங்கள் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ரால்ஃப் டிஷ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய சூரியக் குடியிருப்பில் 59 வீடுகள். அங்கே கூரைமேல் பேனல் வைக்கவில்லை, பேனலே கூரை. அந்த வீடுகள் செலவழிப்பதைவிட அதிகமாக மின்சாரம் தருகின்றன. அதே நாட்டில் அடுக்குமாடிவாசிகள் பால்கனிக் கம்பியில் பேனலைத் தொங்கவிட்டுப் பிளக்கில் செருகிக்கொள்கிறார்கள். 800 வாட் வரை அனுமதி. பதிவானவை 2025இல் பத்து லட்சத்தைத் தாண்டின.

அதைப் பார்த்து நம்மூர் முகப்புச் சுவரெல்லாம் கறுப்புக் கண்ணாடி பதிக்க நினைத்தால் ஏமாந்துபோவோம். ஃப்ரைபுர்க் 48 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 19 டிகிரிகூட ஏறாது, செங்குத்துச் சுவருக்கு நேராக அடிக்கும். நமக்குச் சூரியன் தலைக்கு மேலே. செங்குத்துச் சுவருக்கு வருடம் முழுக்கக் கிடைப்பது மாடித் தரைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். வைகாசி, ஆனி நண்பகலில் தெற்குச் சுவருக்கு நேர் வெயிலே கிடையாது. நம் கட்டடத்தில் மாடிக்கு அடுத்து வெயில் நன்றாக விழும் இடம் ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு. அதைச் சற்று நீளமாகவும் லேசான சாய்வோடும் வரைந்து, கான்கிரீட்டுக்குப் பதில் பேனலையே பொருத்தினால், ஒரே பொருள் ஜன்னலுக்கு நிழலும் வீட்டுக்கு வெளிச்சமும் தரும். ஃப்ரைபுர்க்கிடம் நாம் கற்க வேண்டியது வடிவத்தை அல்ல, வரிசையை. அங்கே சூரியனைப் பார்த்துவிட்டுப் பிறகு கோடு போட்டார்கள்.

வரைபடத்தில் சேர்க்க வேண்டிய சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. மாடியிலிருந்து மீட்டர் அறை வரைக்கும் கேபிள் இறங்க ஒரு தனி டக்ட். இல்லாவிட்டால் முகப்பில் கறுப்புப் பாம்பு போலக் குழாய் தொங்கும். இன்வெர்ட்டருக்கு நிழலும் காற்றும் உள்ள சுவர். அது ஸ்டில்ட்டில் இருக்கவே கூடாது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை கட்டடங்களின் மீட்டர் பலகைகள் மூழ்கின என்பது நமக்கு மறக்காது. பேனல் கழுவ மாடியில் ஒரு குழாய், அதுவும் முடிந்தால் மழைநீர் அல்லது நல்ல தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படிந்து உற்பத்தியைக் குறைக்கும். கடலோரத்தில், திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கமெல்லாம், சட்டத்தின் இரும்பு நன்றாகக் கால்வனைஸ் செய்ததாக இல்லாவிட்டால் சில வருடத்தில் துரு தின்றுவிடும். புறாக்கள் பேனலின் அடியில் கூடு கட்டும். ஓரத்தில் வலை வேண்டும்.

ஒன்றை மட்டும் எல்லாச் சங்கங்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஈ.பி. லைனோடு இணைந்த சாதாரணச் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் லிஃப்ட் ஓடாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது, மாற்றக் கூடாது. மின்வெட்டிலும் லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியே வேண்டும். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பைப் போல எட்டு அடுக்குத் தொகுப்புகளில் வாழும் ஏழைக் குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே லிஃப்ட் நின்றால் கர்ப்பிணியும் முதியவரும் மேலேயே அடைபட்டுவிடுகிறார்கள். அரசு கட்டும் அடுக்குமாடிகளில்தான் இந்தப் பேட்டரி முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சோலாரைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. 2003இல் மழைநீர் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமானது. அந்தச் சட்டம் இந்த ஊரின் நிலத்தடி நீருக்குச் செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் கட்டிய பிறகு தூர்வாராமல் மண்மூடிப்போன குழிகளையும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சோலாரும் அனுமதி வாங்குவதற்காக மாடி மூலையில் வைக்கும் இரண்டு பேனலாக முடிந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு.

எங்கள் எதிர்வீட்டு அடுக்குமாடிக்கு வயது முப்பத்தைந்து. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழிவிட்டிருக்கிறது. அவர்கள் எல்லோருமே இசைந்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தியதால், புதுக் கட்டடம் எங்களைவிட இரண்டு தளம் உயரும். எங்கள் மாடிக் காலை வெயிலில் கொஞ்சம் அது எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

போன மாதம் அவர்கள் வரைபடக் கட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார்கள். சாக்பீஸ் கோடுகள் மழையில் பாதி அழிந்திருந்தன. மீதியைக் காட்டினேன். பிறகு எல்லோருமாகத் தரையில் உட்கார்ந்து வரைபடங்களைப் புரட்டினோம். ஸ்டில்ட், ஒவ்வொரு தளம், முகப்பு, வெட்டுத் தோற்றம் எல்லாவற்றிலும் அங்குலம் அங்குலமாக அளவுகள். கடைசித் தாளில் ஒரு செவ்வகம், தென்மேற்கில் தொட்டி, நடுவில் ‘ஓப்பன் டெரஸ்’ என்ற இரண்டு சொற்கள். வேறொன்றும் இல்லை.

கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்பதில் அங்கிருந்த பெரியவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தெற்குப் பாதியில் சட்டம் போட்டால் மாடியின் உயரமான மூலை எதுவாக இருக்கும் என்று அவர்களுடைய இன்ஜினீயரைக் கேட்டார். தென்மேற்கைத்தான் உயர்த்திக்கொள்ளலாம் என்றார் இன்ஜினீயர். பெரியவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை வாங்கித் தொட்டியை அடித்துவிட்டு, வாயு மூலையில் அதைத் தன் கையாலேயே வரைந்தார். நேற்று திருத்திய தாள் வந்திருக்கிறது. தொட்டி வடமேற்கில். தெற்குப் பாதியில் பதினாறு பெடஸ்டல்கள்.